சபர்மதி ஆசிரமத்துக் கன்று: பிராணிக் காப்பகங்களின் வரலாற்றில் ஒரு கேள்வி

அகமதாபாத்துக்கு வந்து குடியேறிய நம்மவர்களில் பாஞ்சராபோள் நாற்சந்தியைத் தெரியாதவர் அநேகமாக இருக்கமாட்டார்கள். ஆட்டோக்காரரிடம் "பாஞ்சராபோள் சார் ரஸ்தா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று நின்று யோசிப்பவர்கள்தான் குறைவு. குஜராத்தியில் 'பாஞ்சரு' என்றால் கூண்டு. 'போள்' என்பது பழைய நகரத்தில் ஒரே வாசற்கதவுக்குள் பல வீடுகள் சேர்ந்திருக்கும் தெரு. மனிதர்களுக்குப் போள் இருப்பதுபோல் வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு போள், அதுவே பாஞ்சராபோள். பால் வற்றிய பசு, கால் ஒடிந்த எருது, சிறகு முறிந்த புறா என்று யாருக்கும் வேண்டாமற்போன பிராணிகளைத் தானாகச் சாகும்வரை வைத்துப் பராமரிக்கும் இடம்.

அத்தகைய இடங்களில் அன்றாடம் எழுகின்ற ஒரு கேள்வியின் வரலாற்றை இங்கே சொல்ல முயல்கிறேன். இனித் தேறாது, மிச்சமிருப்பது வலி மட்டுமே என்று ஆகிவிட்ட ஒரு பிராணியை என்ன செய்வது? ஊசி போட்டு முடித்துவிடுவதா, கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதா? அதை முடிவு செய்ய யாருக்கு உரிமை?

இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஒவ்வொரு ஜனவரியிலும் உத்தராயண் பட்டத் திருவிழாவில் மாஞ்சாக் கயிறு அறுத்துப்போட்ட பறவைகளை எடுத்துவந்து தையல் போடும் முகாம்களுக்கு நம் குடும்பத்துப் பிள்ளைகளும் தொண்டு செய்யப் போகிறார்கள். அப்படிப் போய்வந்த ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டாள்: "மாமா, ரெண்டு நாளா நான்தான் அந்த அரிவாள்மூக்கனுக்குத் தண்ணி குடுத்தேன். இன்னிக்குப் போனா, ஊசி போட்டு முடிச்சிட்டோம்னு சொல்றாங்க. அவங்க யாரு அதை முடிவு பண்ண?" அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் இதே கேள்வியை இதே ஊரில் 1928-இல் ஒருவர் நேருக்கு நேர் சந்தித்தார். நாடே அவரை ஏசியது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் அவளுடைய கேள்விக்குப் பாதி விடையாவது கிடைக்கும்.

பழைய இரண்டு வழிகள்

குஜராத்தின் பிராணிக் காப்பகங்கள் மிகத் தொன்மையானவை. 1580-களில் இந்தியா வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் ஆஸ்பத்திரி இருந்ததை எழுதிவைத்திருக்கிறார். இன்று கம்பாத் என்கிறோமே, அதே ஊர்தான். 1623-இல் அங்கே வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலேயும் பறவைகளின் ஆஸ்பத்திரியை நேரில் பார்த்து வியந்திருக்கிறார். மனிதனுக்கே ஒழுங்கான வைத்தியசாலை இல்லாத காலத்தில் இப்படியும் ஒரு காரியமா என்று ஐரோப்பியர்களுக்கு ஆச்சரியம்.

பம்பாயில் நடந்ததோ வேறு மாதிரி. தெருநாய்களைக் கொல்லக் கும்பினி அரசு ஆணையிட்டது. தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் வைத்ததால் வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைக்கூட அடித்து இழுத்துப்போனார்கள். 1832 ஜூன் மாதம் பார்சிகள் முன்னின்று கடைகளை அடைத்தார்கள். சமணர்களும் இந்துக்களும் சேர்ந்துகொண்டார்கள். அது கலவரமாக முற்றிப் படை வந்து அடக்க வேண்டியதாயிற்று. இதற்கு அடுத்து, 1834-இல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற வணிகப் பெருமக்களின் பொருளுதவியால் பம்பாய் பாஞ்சராபோள் எழுந்தது. கொல்வதற்குப் பதில் ஓர் இடம் கொடுங்கள், நாங்கள் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்பதே அதன் அடிப்படை.

ஆக இரண்டு வழிகள். ஒன்று நகராட்சி வழி. நாய் என்றால் தொல்லை, பிடி, கொல். எந்த நாய்க்கு நோய், எதற்கு இல்லை என்று பார்ப்பதற்கு அங்கே ஆள் கிடையாது. மற்றொன்று பாஞ்சராபோள் வழி. எந்த உயிரையும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அது புழுத்துத் துடித்தாலும் அதன் ஆயுளை அது வாழ்ந்து முடிக்கட்டும். முதல் வழியில் இரக்கம் இல்லை. இரண்டாவதில் இரக்கம் உண்டு. ஆனால் துடிக்கும் பிராணியின் முன் நின்று முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து அது மனிதனை விடுவித்துவிடுகிறது. இரண்டு வழிகளிலும் முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது. எதிரே கிடக்கும் அந்த ஒரு பிராணியைப் பார்த்து யோசிக்க வேண்டிய அவசியம் இரண்டிலும் இல்லை.

1926: ஆலை வளாகத்து நாய்கள்

அகமதாபாத்தின் பெரிய ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் தந்தை. சென்னையிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்து 'தர்ப்பணா' நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய மிருணாளினியின் மாமனார் என்றால் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தெரியும். பிறப்பால் சமணர். 1926-இல் அவர் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்ல ஏற்பாடு செய்தார். அவற்றில் சில வெறிபிடித்தவை. ஊரே கொதித்தது. மனசு கேட்காமல் அவர் காந்தியடிகளிடம் போய்ச் சொன்னார். வேறு என்னதான் செய்ய முடியும் என்கிற பொருளில் காந்தி பதில் சொல்ல, அது வெளியே பரவி ஜீவதயை அமைப்பினர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

அதற்குப் பதிலாகக் காந்தி 'யங் இந்தியா'விலும் 'நவஜீவன்'இலும் ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். நகரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு நாய்க்கடியோடு வருபவர்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் என்ற கணக்கையும் எடுத்துப் போட்டார். சொந்தக்காரன் இல்லாமல் நாய் தெருவில் திரிவது சமூகத்தின் கருணைக்கு அடையாளமல்ல, அலட்சியத்துக்கே அடையாளம் என்றார். ஒரு துண்டு ரொட்டியை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே தயை இருந்தால் அந்த நாயை வீட்டில் வைத்து வளருங்கள், அல்லது அதற்கென்று முறையான காப்பகம் நடத்துங்கள் என்பது அவர் வாதம்.

இந்தத் தொடரில் அவர் சொன்னதை எல்லாம் இன்று அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. கொல்வதால் தெருநாய்களின் எண்ணிக்கை நிலையாகக் குறைவதில்லை என்பதைப் பிற்கால அனுபவம் காட்டிவிட்டது. ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு இடைவிடாமல் தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோயின் சங்கிலி அறுபடும் என்பதே இன்றைய மருத்துவ அறிவு. 1926-இல் அந்த வழி கைவசம் இல்லை. ஆனாலும் அந்தத் தொடரால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. அகிம்சை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அல்ல என்ற பேச்சு ஊரில் முதன்முறையாக உரக்கக் கேட்டது.

1928: ஆசிரமத்துக் கன்று

இரண்டு வருஷம் கழித்து அந்தச் சோதனை காந்தியின் வாசலுக்கே வந்தது. சபர்மதி ஆசிரமத்தின் தொழுவத்தில் ஒரு கன்று ஊனமுற்று நோயில் விழுந்தது. வைத்தியம் பார்த்தார்கள், பணிவிடை செய்தார்கள். பலிக்கவில்லை. புரண்டு படுக்கக்கூட முடியாமல் துடித்தது. கால்நடை மருத்துவரும் இனி நம்பிக்கை இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

காந்தி தாமே தனியாக ஓர் உத்தரவு போட்டுவிடவில்லை. ஆசிரம நிர்வாகக் குழுவில் விஷயத்தை வைத்துப் பேசினார். மதிப்புக்குரிய ஓர் அண்டைவீட்டார், உயிரைப் படைக்க முடியாதவனுக்கு உயிரைப் போக்க உரிமை கிடையாது என்று கடுமையாக எதிர்த்தார். காந்தி அந்த வாதத்தை முழுக்கக் கேட்டார். சுயநலத்துக்காக உயிர் எடுப்பவனைத் தடுக்க அந்த வாதம் சரி, இங்கே நம் சுயநலம் எதுவும் இல்லையே என்பது அவர் பதில். கடைசியில் மருத்துவரை வரவழைத்தார். காந்தி பக்கத்தில் நிற்க, மருத்துவர் ஊசி போட்டார். இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால் ஊருக்குப் பாதி தெரிந்திருக்காது. பசு என்றாலே உணர்ச்சிவசப்படும் நாடு. அதிலும் குஜராத். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. காந்தி தாமே எழுதினார். 'நவஜீவன்' இதழில் 1928 செப்டம்பர் 30-ஆம் தேதி கட்டுரை வந்தது. நெருப்பின் சுவாலை என்று பொருள்படும் அதன் தலைப்பு, ப்ரீதம் என்ற குஜராத்தி பக்திக் கவியின் பாட்டிலிருந்து எடுத்தது. அக்டோபர் 4-ஆம் தேதி 'யங் இந்தியா'வில் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு ஏச்சும் பேச்சுமாகக் கடிதங்கள் குவிந்தன. நியாயமாகக் கேட்டவர்களுக்கு அவர் வாரக்கணக்கில் பதில் எழுதினார்.

எதிர்த்தவர்களின் நியாயம்

எதிர்த்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அது தவறு. அவர்களுடைய வாதங்களில் மூன்று இன்றும் எடை குறையாதவை. முதலாவது, எந்த ஜீவனும் வாழவே ஆசைப்படுகிறது. துடிக்கும் கன்று சாக விரும்புகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, சமண நோக்கில் வினையை அனுபவித்தே தீர்க்க வேண்டும். இடையில் முடித்துவிட்டால் தீராத வினை அடுத்த பிறவிக்குப் போகும். மூன்றாவது, இன்று வலிக்காகத் திறக்கிற கதவு நாளை செலவுக்காகவும் இடப் பற்றாக்குறைக்காகவும் திறக்கும்.

இந்த மூன்றாவது பயம்தான் மிகப் பெரியது. காந்திக்கே அது தெரிந்திருந்தது. அதே கட்டுரையின் இரண்டாம் பகுதியில் ஆசிரமத்துப் பயிரை நாசம் செய்யும் குரங்குகளைப் பற்றி எழுதினார். கன்றை முடித்தது கன்றின் நன்மைக்காக. குரங்கைக் கொன்றால் அது நம் விளைச்சலுக்காக. ஆகவே அது இம்சைதான் என்று ஒளிக்காமல் சொன்னார். குரங்குத் தொல்லைக்குத் தம்மிடம் விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. செயல் ஒன்றாகவே இருக்கலாம். யாருடைய வேதனையைத் தீர்ப்பதற்காக அதைச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். என் வாசிப்பில் இந்தச் சர்ச்சை முழுவதிலும் நமக்குக் கிடைத்த உரைகல் இதுதான்.

அடுத்த வாரங்களில் எழுதியபோது நான்கு நிபந்தனைகளைக் காந்தி வகுத்துக் கொடுத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலை வந்திருக்க வேண்டும். நோயாளி தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது அகிம்சை ஆகாது.

கன்று என்றதும் தமிழருக்குத் திருவாரூர்தான் நினைவுக்கு வரும். தேர்க்காலில் கன்று மாண்டதற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை. அதை நீதிக்குத்தான் உதாரணம் காட்டுவோம். பெரிய புராணம் சொல்லும் கதையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்தக் காரியத்தைச் செய்ய ஏவப்பட்ட அமைச்சர், செய்ய மனமின்றித் தம் உயிரை விட்டார். அதன்பின் அரசன் தானே தேரைச் செலுத்தினான். முடிவெடுத்தவன் ஒருவன், பாரம் சுமந்து மாய்ந்தவன் வேறொருவன். காப்பகங்களில் இன்றும் நடப்பது இதுதான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னை வழியாக வந்த சட்டம்

இந்தக் கேள்வி சட்டமாக உருவெடுத்த கதையில் தமிழ்நாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். பிராணி வதைத் தடுப்புக்காக அவர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கொடுத்தபின் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பலனாக 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும்வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது.

அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள பிராணியை முடித்துவிட வழி செய்கிறது. யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. நீதிமன்றமோ, குறிப்பிட்ட அதிகாரிகளோ, கால்நடை மருத்துவரின் சான்றோ வேண்டும்.

சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் முறையை 1964 முதல் முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல்தான். 2001-இல் நாடு முழுமைக்குமான நாய்க் கருத்தடை விதிகள் வந்தன. தீராத நோயும் மரண காயமும் உள்ள நாய்களை மட்டும், தகுதியுள்ள மருத்துவர் சோதித்தபின், வலியில்லாத மருந்து கொடுத்து முடிக்கலாம் என்றன அவ்விதிகள். மற்றொரு நாயின் கண்ணெதிரே அதைச் செய்யக் கூடாது என்றும், உடலை அப்புறப்படுத்துமுன் உயிர் பிரிந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். 2023-இல் வந்த புதிய விதிகள் இந்த முடிவை ஒரு குழுவிடம் கொடுத்து, காரணத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கின்றன. ஆசிரமத்தில் கூடிய நிர்வாகக் குழுவுக்கும் இதற்கும் ஒரு ஜாடை ஒற்றுமை தெரிகிறதல்லவா?

ஊசி பிடிக்கும் கை

விதி எழுதியாகிவிட்டது. ஆனால் ஊசி பிடிப்பது ஒரு மனிதக் கை. காலையில் கஞ்சி ஊற்றிய பணியாளர்தான் மாலையில் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் காப்பகங்களில் பல காலம் ஆய்வு செய்த ஆர்னால்ட் ஆர்லுக் என்ற சமூகவியலாளர் இதைப் பேணுதலும் கொல்லுதலும் சேர்ந்த முரண் என்று குறிப்பிட்டார். பிராணிகள்மேல் உள்ள பாசத்தால் வேலைக்கு வந்தவர்களே அவற்றின் உயிரை முடிக்க வேண்டிய நிலை. அங்கே இடப் பற்றாக்குறைக்காகவும் நல்ல நாய்களை முடித்துவிடுவது நெடுங்கால வழக்கம். நம் நாட்டு நாய் விதிகள் அதை அனுமதிக்கவில்லை. அது கன்றின் கணக்கல்ல, குரங்கின் கணக்கு. ஆனாலும் இங்கேயும் அந்த மனப்பாரம் இல்லாமல் இல்லை.

இங்குள்ள காப்பகங்களில் பேசிப் பார்த்ததில் நான் கண்டது ஒன்று. வேதனை அதிகம் தருவது முடிவல்ல, அதைத் தனியாகச் சுமப்பதுதான். வெளியே சொன்னால் பாவி என்பார்கள். முடிவெடுக்காமல் விட்டால் இரவெல்லாம் அந்த முனகல் காதில் விழும். நன்கொடையாளர் மனம் புண்படும் என்று நிர்வாகம் பேச்சையே எடுக்காது. கடைசியில் இளம் மருத்துவர் ஒருவரும் பெயர் தெரியாத ஒரு பணியாளரும் மட்டும் அந்த அறைக்குள் நிற்பார்கள். "சார், செஞ்சது தப்புன்னு தோணல. ஆனா யார்கிட்டயும் சொல்ல முடியல, அதான் கஷ்டம்" என்றார் ஒருவர். திருவாரூர் அமைச்சரின் நிலை இதுதான்.

கன்றின் கதை இவர்களுக்கு எப்படி உதவும்? காந்தியின் முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அவர் அதைச் செய்த முறையை எந்தக் கட்சிக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் பணிவிடை. செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தபின்தான் அடுத்த பேச்சு. இரண்டாவது, தெரிந்தவரின் சொல். வலி எவ்வளவு, தேறுமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், நம் பதற்றம் சொல்லக் கூடாது. மூன்றாவது, கூடிப் பேசுதல். எதிர்ப்பவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். மனசு ஒப்பாத பணியாளரைத் தலையைப் பிடி என்று கட்டாயப்படுத்தலாகாது. நான்காவது, முடிவெடுத்தவர் அந்த நேரத்தில் கூட நிற்க வேண்டும். போனில் உத்தரவு சொல்லிவிட்டு ஒதுங்கக் கூடாது. ஐந்தாவது, மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். பதிவேட்டில் காரணம் எழுதிப் பலர் கையெழுத்திட்டால் பாரமும் பலருக்குப் பங்காகிறது.

அந்த மாணவி கேட்டாளே, அவங்க யாரு முடிவு பண்ண என்று. அவளுக்கு இந்த ஐந்தையும்தான் சொன்னேன். தனி ஒருவர் யாருக்கும் அந்த உரிமை கிடையாது. ஐந்தையும் செய்தவர்கள் கூடி ஏற்கும் பொறுப்பு அது. தண்ணீர் கொடுத்த அவளையும் அழைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி இனிமேல் பெரிதாகத்தான் போகிறது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதித் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ஆம் தேதி பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்தில் வைக்க ஆணையிட்டது. காப்பகம் பெருகினால் அங்கே முதுமையும் நோயும் பெருகும். முடிவெடுக்க வேண்டிய தருணங்களும் பெருகும். கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்க ஆள் கிடைக்கும். அந்த அறைக்குள் துணையாக நிற்க ஆள் கிடைப்பதுதான் அரிது.

நம் சங்க அன்பர்கள் பலர் பிறந்தநாள், திதி என்றால் பாஞ்சராபோளுக்குத் தீவனம் வாங்கிக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம், தொடரட்டும். அடுத்த முறை போகும்போது பசுவுக்குப் புல் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடாமல், அங்கே வேலை செய்பவரிடம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வாரம் எது போயிற்று, யார் கூட இருந்தீர்கள் என்று கேளுங்கள். சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கேட்டாலே போதும். தீவனத்தைப் போல அதுவும் அங்கே தேவைப்படுகிற ஒன்றுதான்.